கூப்பிடு தூரம்

லெத்ராஸ் மலை உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒக்தாவியோ தன் மனைவியிடம் பேசி முடித்தாக வேண்டும். அதற்கு மேல் பேச இடமில்லை. உச்சியில் அவளுடைய அக்காவின் ஜீப் வந்து நிற்கும். நொயெலியா தன் சைக்கிளைத் தூக்கி அதில் போட்டுக்கொண்டு பால்பண்ணைக்குப் போய்விடுவாள். ஒக்தாவியோவும் நானும் மறுபக்கத்து இறக்கத்தில் மனிசாலெஸுக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து மெதெயீனுக்குத் திரும்ப வேண்டும். ஏற்பாடு இதுதான். செய்தவள் நொயெலியா.

நான் ஏற்பாடு என்கிறேன். ஒக்தாவியோ அதை ஆரம்ப விலை என்று எடுத்துக்கொண்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இரண்டு பேரும் மெதெயீன் நடுவில் 'பள்ளம்' என்று பெயர் போன கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் எடை எவ்வளவு என்று கேட்பார்கள். சொன்ன எடையில் கொஞ்சம் குறைத்துத்தான் நம்புவார்கள். ஒக்தாவியோவுக்குத் துணிக்கடை. எனக்கு அதற்குப் பக்கத்திலேயே பொத்தான், ஜிப், எலாஸ்டிக். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அது வழியாக அவன் வீட்டுச் சங்கதி எனக்கும் என் வீட்டுச் சங்கதி அவனுக்கும் தள்ளுபடி இல்லாமல் வந்து சேரும்.

கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்து, ஜனவரி முதல் வாரத்து மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்துவிட்டால் எங்கள் தெரு தூங்கிவிடும். ஊரில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போவார்கள். நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டு, சைக்கிளின் இரு பக்கமும் பையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவோம். ஒக்தாவியோ, நொயெலியா, நான். என் மனைவியும் முதல் வருஷம் வந்தாள். முதல் ஏற்றத்திலேயே இறங்கி, சைக்கிளைச் சாலையோரம் சாய்த்து, கார்மென் மாதாமேல் சத்தியம் செய்துவிட்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போனாள். நால்வரில் அவள்தான் புத்திசாலி.

நொயெலியா வேறு ரகம். மரம் முளைக்காத குளிரில், லெத்ராஸுக்குப் பக்கத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் மலையேறிப் போனவள். ஏற்றத்தில் அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் இருபத்தாறு வருஷம் ஒக்தாவியோவின் கடையில் மீட்டர் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன டிசம்பரில், கடை நிறையக் கூட்டம் இருந்த ஒரு சாயங்காலம், துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஜனவரியில போறப்ப நான் மேலயே இருந்துடறேன். அக்கா தனியா இருக்கா."

"எவ்ளோ நாளைக்கு?" என்றான் ஒக்தாவியோ.

"நாள்லாம் இல்ல. இருந்துடறேன்."

சண்டை இல்லை, அழுகை இல்லை. கடை சாத்தும் நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒக்தாவியோ என்னிடம், "மாப்ள, ஆரம்பத்துல கூடத்தான் சொல்வாங்க. எறங்கி வருவா" என்றான். குரலில் கவலையே இல்லை. அவ்வளவு கவலையில்லாத குரல் எனக்குத் தெரியும். கடனுக்கு வாங்கிய சரக்கு கப்பலோடு நின்றுபோன வருஷம் அதே குரலில்தான் பேசினான்.

லெத்ராஸ் ஏறிய அன்றைக்கு ஃப்ரெஸ்னோவில் விடுதியை விட்டுக் கிளம்பும்போது காப்பித் தோட்டங்களின்மேல் வெளிச்சம் இன்னும் சரியாக விழவில்லை. விடுதிக்காரி உருளைக்கிழங்கு சூப் ஊற்றினாள். ஒக்தாவியோ கரண்டியால் ஒரு சுற்றுத் துழாவிப் பார்த்தான்.

"அம்மா, இதுல கிழங்கு நீச்சலடிக்குதே, துணைக்கு இன்னொன்னு போடக்கூடாதா?"

"துணைக்குப் போட்டா துணைக்கும் காசு, சார்."

"மூணு பேரு சாப்பிடறோம், மொத்த வியாபாரம். மொத்த வியாபாரத்துக்கு ஒரு கிழங்கு கூடவா கெடையாது?"

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். ஒக்தாவியோ ஜெயித்த முகத்தோடு அந்தக் கிழங்கை எடுத்து நொயெலியாவின் தட்டில் வைத்தான். அவனுக்குத் தெரிந்த காதல் அது. நொயெலியா அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் திரும்ப அவன் சூப்பிலேயே போட்டுவிட்டு, டயரில் காற்றுப் பார்க்க எழுந்து போனாள்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் சாலை மேலே திரும்பியது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அது கீழே திரும்பவே இல்லை. அந்த மலையின் குணமே அதுதான். மற்ற மலைகள் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஆளைச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போகும். லெத்ராஸ் அப்படிச் சமாதானம் பேசாது.

நொயெலியா முன்னால் போனாள். அவள் பைகள் எங்கள் பைகளைவிடக் கனம். திரும்பி வராதவளின் பைகள் அல்லவா? விடுதியில் அவள் கட்டும்போது பார்த்தேன். கம்பளி, காலுறை, அம்மாவின் படம் ஒன்று. துணிக்கடைக்காரனின் மனைவி, கடைத் துணி ஒரு முழம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கனத்தோடும் அவள் சக்கரம் ஒரே சீராக உருண்டது. அவளை எட்டிப் பிடித்துப் பக்கத்தில் போய், மூச்சு விட்டு, ஒரு பேரம் சொல்லிவிட்டுப் பின்தங்குவது, மறுபடி எட்டிப் பிடிப்பது. காலை முழுக்க ஒக்தாவியோவுக்கு இதே வேலை. நான் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்காமல் இருக்க வழியில்லை. ஏற்றத்தில் பேசுகிறவன் கத்தித்தான் பேச முடியும்.

"நொயெ! ஒரு மாசம். ஒரு மாசம் அக்கா கூட இரு. அப்பறம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஒரு வளைவு.

"சரி, ரெண்டு மாசம்!"

இன்னொரு வளைவு. வாழைத்தோட்டம், ஒரு மாதா கோயில், ஒரு நாய்.

"ஞாயித்துக்கெழம கடைய சாத்திடறேன். எழுதித் தரேன் வேணும்னா!"

"எழுதித் தர வேண்டாங்க."

"வீட்ட மாத்திடலாம். ரியோநெக்ரோ பக்கம், தோட்டத்தோட. குளிரா இருக்கும், உனக்குப் பிடிக்கும். ஒரு பசுகூட வாங்கித் தரேன்!"

அந்த நேரம் பார்த்து சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று எங்களோடு நடை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் முழங்கையை ஜன்னலில் வைத்து, ரேடியோவைக் குறைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தான். பசு என்றதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, ஒத்துக்கோங்கக்கா! பசுவெல்லாம் தராரு!"

நொயெலியா திரும்பாமலேயே சொன்னாள்: "உங்களுக்குப் பிடிச்சிருந்தா நீங்க கூடப் போங்க தம்பி. நல்லா வெச்சுக்குவாரு."

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஒக்தாவியோகூடச் சிரித்தான். சிரித்த மூச்சில் அவன் பின்தங்கிப்போனான். நொயெலியா மட்டும் சிரிக்கவில்லை என்பதை அவள் பக்கத்தில் எட்டியபோதுதான் கவனித்தேன்.

பாதுவாவில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றோம். ஒக்தாவியோ தண்ணீர் பாட்டில்களை நிரப்பக் குழாயடிக்குப் போனான். குழாயடியில் நின்ற கிழவனிடமும் ஏதோ பேரம் நடந்துகொண்டிருந்தது. நான் நொயெலியாவிடம் கேட்டேன்:

"என்னதாம்மா வேணும் உனக்கு? மனுஷன் பசு வரைக்கும் வந்துட்டான். அடுத்த வளைவுல காளையும் சேத்துத் தருவான்."

அவள் பீன்ஸைக் கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள்.

"லிசிமாகோ அண்ணே, எங்கப்பா பால் ஊத்துன வீடு எங்களுது. கேட்டுக்கு வந்து நிப்பாங்க. அப்பா சொல்வாரு, பால் இவ்ளோ, வேணுமா வேண்டாமா. வேணும்னா வேணும்பாங்க. அவ்ளோதான். வேணும்னு சொல்றதுல அவங்களுக்கு ஒரு வெக்கமும் கெடையாது."

"சரி."

"இவருக்கு நான் வேணுமா வேண்டாமா? இத்தன வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருப்பாரா? நானும் கேக்கல, கேட்டு வாங்கறதுக்கு அதென்ன உப்பா? போறேன்னு சொன்னப்பவாவது சொல்வாருன்னு பாத்தேன். எவ்ளோ நாளைக்குன்னு கேட்டாரு."

"வேணும்மா அவனுக்கு. நீ இல்லாம அவன் ஒரு நாள் தாங்கமாட்டான்."

"இத நீங்க சொல்றீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பிறந்தவனிடம் அதை எதிர்பார்ப்பது, மீனிடம் துண்டைக் கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொல்வதுபோல. ஒரு பொருள் உனக்கு எவ்வளவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கவ்வளவு அதைப் பார்க்காமல் நிற்க வேண்டும். கையில் எடுத்தால் ஓரத்தில் பிசிறு தேட வேண்டும். வேண்டும் என்பது முகத்தில் தெரிந்த நொடியில் விலை ஏறிவிடும். ஒக்தாவியோ இந்த வித்தையில் தெருவிலேயே முதல் ஆள். அவன் பொண்ணு பார்க்கப் போனபோதும் நொயெலியாவின் அப்பாவிடம் மாடுகளைப் பற்றித்தான் பேசிவிட்டு வந்தான்.

மறுபடி ஏறத் தொடங்கியபோது அவன் பக்கத்தில் போனேன். "டேய், பேரத்த விடு. நீ இல்லாம எனக்கு முடியாதுன்னு சொல்லு. அவ்ளோதான் அவளுக்கு வேணும்."

"சொன்னா முடிஞ்சுது" என்றான்.

"என்ன முடிஞ்சுது?"

"அதுக்கப்பறம் என்கிட்ட என்ன இருக்கு? அதயும் குடுத்துட்டு, அதுக்கும் அவ வேண்டாம்னுட்டா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வைதான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. காப்பி, வாழை, பைன் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே தங்கிவிட்டன. மேலே புல்லும் கல்லும், சாம்பல் நிற இலையோடு ஆள் உயரத்துக்கு நிற்கும் ஃப்ரைலெஹோன் செடிகளும்தான். பனிக்குள் அவை வரிசையாக நின்று யாரையோ வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தன. ஒக்தாவியோவிடம் மூச்சும் தீர்ந்திருந்தது, பேரமும் தீர்ந்திருந்தது. ஓர் இடத்தில் நொயெலியா வேகத்தைக் குறைத்து, அவன் பக்கத்தில் வந்து, அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொடுத்தாள். நெடுநேரம் அப்படியே போனார்கள். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பாரத்தோடு, அந்த ஏற்றத்தில் இன்னொரு ஆளைத் தள்ளுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்த நான், சரி, பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒக்தாவியோ வாயைத் திறந்தான். "ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க. எப்படி?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

லெத்ராஸில் பெரிதாக ஒன்றும் கிடையாது. சாலையின் இரு பக்கமும் சில வீடுகள், காற்று, ரொஸ்மீரா அம்மாவின் கடை. பனங்கட்டி போன்ற கரும்பு வெல்லத்தைக் காய்ச்சிய சூடான பானகம், அதில் முக்கிச் சாப்பிட ஒரு துண்டு பாலாடைக்கட்டி. உச்சிக்கு வருகிறவன் வேறு எதையும் கேட்பதில்லை, அவளும் வேறு எதையும் தருவதில்லை. நாங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது அக்கா எர்மெலிந்தாவின் ஜீப் ஏற்கெனவே வாசலில் நின்றது. அக்கா பின்பக்கம் காலிப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவளும் அந்தப் பால் வீட்டுக்காரிதான். தேவைக்கு மேல் ஒரு சொல் வராது.

கோப்பையைக் கையில் வைத்து விரல்களைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒக்தாவியோ கடைசியாக ஒரு தரம் கேட்டான்: "அந்த ஆறு மாசம் என்னாச்சு?"

"வேண்டாங்க" என்றாள் நொயெலியா. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஒக்தாவியோ கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து நின்று வாயைத் துடைத்தான். "சரி. அப்ப நான் கெளம்பறேன்" என்றான். ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளைச் சாலைக்கு எடுத்து, ஒரு காலை வீசிப் போட்டு ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. மனிசாலெஸ் பக்கத்து இறக்கத்தில் முதல் வளைவைத் திரும்பிப் பனிக்குள் மறைந்தான்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஏனென்றால் அது நிஜமாகப் போவது அல்ல. அது எங்கள் தெருவின் கடைசி ஆட்டம், நடையைக் கட்டுவது. விலை படியாதபோது வாங்க வந்தவர் எழுந்து கடையை விட்டு வெளியே நடப்பார். வேகமாக இல்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரம் வரைக்கும்தான். அங்கே போய் எதையாவது பார்ப்பதுபோல நிற்பார். கடைக்காரர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வியாபாரம் முடிந்தது. கடைக்காரருக்குக் கௌரவம் இடித்தால் பக்கத்துக் கடைக்காரன் கூப்பிட்டுவிடுவான்: "அக்கா, வாங்க, தருவாரு!" ஒக்தாவியோவின் கடையிலிருந்து நடையைக் கட்டியவர்களை இத்தனை வருஷமாகக் கூப்பிட்டுக் கொடுத்தவன் நான்தான். என் தொண்டைக்கு அந்தத் தெருவே கடன்பட்டிருக்கிறது.

நொயெலியாவைப் பார்த்தேன். "கூப்பிடும்மா."

"தெரியும் அண்ணே" என்றாள். "அந்த வளைவுல ஒத்தக் காலை ஊனிக்கிட்டு, காதை இந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு நிப்பாரு."

"அப்பறம் என்ன? கூப்பிடு. இல்ல நான் கூப்பிடறேன்."

"கூப்பிடாதீங்க."

வாயருகே குவித்திருந்த கையை இறக்கினேன்.

"இன்னிக்குக் கூப்பிட்டா நாளைக்கும் நான்தான் கூப்பிடணும். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டே கெழவி ஆயிட்டேன்." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "திரும்பி ஏறி வரட்டும். ரொம்பத் தூரம் இல்ல. ஏறி வந்து, வேணும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பசு வேண்டாம், வீடு வேண்டாம். நான் இப்பவே, இந்தப் பையோடயே, அவரு கூட எறங்கிடறேன்."

"இத அவன்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க அண்ணே. நீங்க சொல்லி வந்தா, அது நீங்க கூட்டிட்டு வந்த ஆளு. அவரா வரணும்."

நான் என் சைக்கிளை எடுத்தேன். சொல்லமாட்டேன் என்று அவளிடம் தலையாட்டினேன். சொல்லாமலே கொண்டுவந்துவிடலாம் என்றுதான் நினைப்பு. எனக்குத் தெரிந்த வியாபாரம் அது.

அவள் சொன்னபடியேதான் நின்றான். வளைவில், இடது காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்து, காது நன்றாகக் கேட்கும்படி.

"அனுப்பிச்சாளா?" என்றான்.

"இல்ல. நீ மேல போ."

"கூப்பிட்டாளா?"

"கூப்பிடல. போடா மேல."

அவன் என் முகத்தைப் படித்தான். இத்தனை வருஷமாக என் முகத்தைப் பார்த்துப் பொத்தான் விலை கண்டுபிடிப்பவன். அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "நீ இவ்ளோ அவசரப்படறேன்னா மாப்ள, அங்க எறங்கிடுச்சுன்னு அர்த்தம். தானா வருவா."

"வரமாட்டா. ஏறிப் போ. சும்மா போய் நில்லு."

"இப்ப நான் போனா இத்தன தூரம் வந்ததுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். கொஞ்சம் பொறு."

அதுதான் வினை. நான் எவ்வளவு கெஞ்சினேனோ அவ்வளவு அவனுக்கு நம்பிக்கை வந்தது. நான் பேசாமல் நின்றால், நான் பேச்சை நிறுத்தியதே அங்கே பழுத்துவிட்டதற்கு அடையாளம் என்றான். குளிரில் என் பல் அடித்துக்கொண்டது. அதற்கும் ஓர் அர்த்தம் வைத்திருந்தான். லாரிகள் பிரேக் வாடையோடு எங்களை உரசிக்கொண்டு இறங்கின. மேலே பனிக்குள்ளிருந்து ஜீப்பின் ஹாரன் ஒருமுறை கேட்டது.

ஒக்தாவியோ விரலை உயர்த்தினான். "பாத்தியா? அக்கா அவசரப்படுத்தறா, இவ கெளம்பமாட்டேங்கறா. நமக்கு நல்லது."

இரண்டாவது முறை ஹாரன் கேட்டபோதும் நமக்கு நல்லது என்றான். அப்போது அவன் உதடு நீலமாகியிருந்தது. ஆனால் காது மட்டும் சாலைப் பக்கமே இருந்தது. அந்த முகத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. அதில் வியாபாரமே இல்லை. அவன் நடிக்கவில்லை. அவள் ஒரே ஒரு தடவை தன் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான். இரண்டு பேரும் அடுத்தவர் முதலில் சொல்லட்டும் என்று பனியில் நின்றார்கள்.

மூன்றாவது ஹாரனில் என்னால் முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக் கத்தினேன். அவள் சொன்னதை, சொல்லக்கூடாது என்றதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னேன். "வேணும்னு ஒரு வார்த்தடா! இந்தப் பையோடயே வந்துடறேங்கறா!"

ஒக்தாவியோ என்னையே பார்த்தான். அவன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கியதை நான் பார்த்திருக்க வேண்டாம். சைக்கிளைத் திருப்பினான். கியரைக்கூட மாற்றவில்லை, எழுந்து நின்று மிதித்தான். அவன் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

கடை வாசலில் ஜீப் இல்லை. சுவரில் அவள் சைக்கிள் சாய்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

"இப்பத்தான் தம்பி" என்றாள் ரொஸ்மீரா அம்மா. "ரோட்டு நடுவுலயே நின்னுக்கிட்டிருந்துச்சு அந்தப் பொண்ணு. உள்ள வந்து நில்லும்மான்னேன், வரல. லாரிக்காரன்லாம் ஒதுங்கிப் போனான். அப்பறம் தானா போய் வண்டியில ஏறிடுச்சு."

பண்ணைக்கு மண்பாதை. கல்லும் சாணமும் சகதியுமாக, எங்கள் மெல்லிய டயருக்கு ஆகாத பாதை. ஒக்தாவியோ பாதி தூரம் ஓட்டினான், பாதி தூரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். வெளிச்சம் மங்குவதற்குள் முள்கம்பி கட்டிய கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாய்கள் குரைத்தன. அப்பா காலத்தில் ஆட்கள் பாலுக்கு வந்து நின்ற கேட்டாகத்தான் இருக்கும். நொயெலியா கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் முகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒக்தாவியோ கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ எனக்கு வேணும், நொயெ. நீ இல்லாம எனக்கு முடியாது."

அவள் கண் உடனே நிறைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"லிசிமாகோ அண்ணன் சொன்னாரா?"

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். "ஆமா, சொன்னான்" என்றான். "அவன் சொல்ற வரைக்கும் நீ கூப்பிடுவேன்னு நின்னுட்டிருந்தேன்."

"நெஜத்தச் சொல்றீங்க" என்றாள். கம்பியின்மேல் இருந்த அவன் விரல்களைத் தொட்டாள். "நானும் நின்னேங்க. வருவீங்க, வருவீங்கன்னு அந்த வளைவையே பாத்துக்கிட்டு நின்னேன். அக்கா ஹாரன் அடிச்சா, இன்னும் கொஞ்சம்னேன். மறுபடி அடிச்சா, இன்னும் கொஞ்சம்னேன். அப்பறம் ஒரு நேரத்துல பாத்தா நான் காத்துக்கிட்டே இல்ல. சும்மா நின்னுக்கிட்டிருக்கேன். நீங்க வராமயே போயிட்டா என்ன ஆகும்னு இத்தன வருஷமா பயந்தேன். அது ஆயிடுச்சு. வலிச்சுது. அப்பறம் முடிஞ்சிடுச்சு."

"ஒரு மணி நேரந்தானே ஆச்சு, நொயெ."

"ஆமாங்க. ஒரு மணி நேரந்தான்."

ஒக்தாவியோவின் வாய் அசைந்தது. நான் காத்திருந்தேன். அவனிடம் எப்போதும் இன்னொரு வார்த்தை இருக்கும். கடை சாத்திய பிறகும், சவப்பெட்டிக்காரனிடமும், போலீஸ்காரனிடமும் இருந்திருக்கிறது. இப்போது ஒன்றும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவள் சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் அவன் இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருப்பான்.

நொயெலியா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பழைய செய்தித்தாள்கள். இறக்கத்துக் காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க இந்த மலையில் எல்லாரும் செய்வதுதான். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஒக்தாவியோவின் சட்டை ஜிப்பைக் கீழே இறக்கி, தாள்களை ஒவ்வொன்றாக விரித்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். கசங்கிய ஓரங்களை உள்ளங்கையால் தேய்த்துச் சமப்படுத்தினாள். ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றினாள். அவன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி நின்றான். எனக்குரிய தாள்களை என் கையில் கொடுத்தாள்.

"ஈரமா இருக்கும். மெதுவா எறங்குங்க" என்றாள் இரண்டு பேரையும் பார்த்து.

கேட்டைச் சாத்தியது அவள்தான். சாத்திவிட்டு நிற்கவில்லை.

மனிசாலெஸ் இறக்கத்தில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. கீழே தூரத்தில் ஊர் விளக்குகள் ஒன்றிரண்டாக எரியத் தொடங்கியிருந்தன. ஒக்தாவியோ முன்னால் போனான், நான் பின்னால். மேட்டுச் சாலையைக் கடந்து முதல் சில வளைவுகள் இறங்கியிருப்போம். திடீரென்று பிரேக்கைப் பிடித்துச் சாலையோரம் நின்றான். நான் அவன்மேல் மோதாமல் தப்பியது கார்மென் மாதாவின் கருணை.

"என்னடா?"

தலையைப் பின்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டாளா, மாப்ள?"

காற்று அவன் நெஞ்சுக்குள் புகுந்து தாள்களைச் சரசரவென்று ஆட்டிக்கொண்டிருந்தது.

"இல்லடா" என்றேன். "காகிதம்."

ஜிப்பின்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தான். சத்தம் நின்றது. கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.